விஷமம் என்று நான் சொன்னது

1

ராஜகனியக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்து மூடினார். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"போதும்மா. நான் கெளம்புதேன்."

"அக்கா, இன்னும் பாதிகூட ஆகலையே. தண்ணி வேணுமா? ஃபேன் காத்து ஒத்துக்கலையா?"

"உன் வீட்டுல சாப்பிட்டுட்டேன். இல்லேன்னா இன்னொரு வார்த்தை சொல்லியிருப்பேன்."

எழுந்து படியிறங்கினார். பின்னாலேயே ஓடினேன். வள்ளியூருக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். என் மகள் மீனாவிடம் கேட்டார், என்னிடம் இல்லை. அவள் செல்போனைப் பார்த்துச் சொன்னாள். தெருவில் வந்த முதல் ஆட்டோவை அவரே கைகாட்டி நிறுத்தி, அவரே ஏறிப் போய்விட்டார்.

நானும் மீனாவும் வாசகசாலை வாசல்படியில் நின்றோம். மாடியில் ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

2

புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொண்டால் எங்கள் ஊரான புளியங்குடியில் சிரிப்பார்கள். கடலையா தாண்டினேன்? ஆரியங்காவு மலையைத் தாண்டினேன், அவ்வளவுதான். ஆனால் இந்த ஆவணியோடு திருவனந்தபுரம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பிள்ளை பிறந்தது இங்கே. வந்த புதிதில் பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் பஸ் போய்விடும். அப்படி நான்கு பஸ்ஸை விட்டவளுக்கு அது வெளிநாடுதான்.

வீட்டுக்காரர் முருகேசனின் தாத்தா திருநெல்வேலியிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவர். பைப்பும் குழாயும் விற்கிற கடை, இன்றும் ஓடுகிறது. முருகேசன் வீட்டில் பேசுவது தமிழ், அவர் கணக்கில். "நான் அங்கோட்டு போயிட்டு வரேன், சோறு எடுத்து வை" என்பார். முதல் வருஷம் அந்த 'அங்கோட்டு' எந்த ஊர் என்று தெரியாமல் முழித்திருக்கிறேன். 'அந்தப் பக்கம்' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று மாமியார் சொல்லித் தெரிந்தது.

மீனா பிறந்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், விளையாட்டில் மலையாளம், தூக்கத்தில் உளறுவதும் மலையாளம். சேர்க்கை விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதிக் கொடுத்தோம். கிளார்க் பேனாவை நிறுத்திக் குழந்தையிடம், "மோளே, வீட்டில் எந்தா பறயுன்னது?" என்று வீட்டில் பேசுகிற மொழியைக் கேட்டார். அவள், "வீட்டில் அம்மா தமிழ் பறயும், ஞான் கேக்கும்" என்றாள். அதை நினைத்துச் சிரிப்போம், அப்போதெல்லாம். அவள் பத்தாம் வகுப்பு முடித்தபோது என் அக்கா அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தை நான்தான் வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. அன்று சிரிக்கவில்லை.

எனக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தும்போது ஆளைப் பேச வைக்க வேண்டும். பேச்சு நின்றால் கை இறுகும், நரம்பு ஒளிந்துகொள்ளும். அப்படி ஒருநாள், அக்ரஹாரத் தெருவிலிருந்து சர்க்கரை பார்க்க வந்த பெரியவர் ஒருவரிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பதினோரு புஸ்தகம் எழுதியிருக்கேன்" என்றார். "எதைப் பத்தி?" என்றேன். மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லே. ஆத்திலேகூட கேட்டதில்லே" என்றார். ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசினார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

அந்த வாரம்தான் மீனாவிடம் கேட்டேன், இந்தப் பேச்சையெல்லாம் பதிவு பண்ண முடியுமா என்று. அவளுக்கு அப்போது பதினேழு வயது. செல்போனிலேயே பண்ணலாம் என்றாள். 'எழுதினவங்க குரல்' என்று பெயர் வைத்தோம். எழுத்தாளர்களோடு பேசுவது என் வேலை, வெட்டி ஒட்டி வலையில் ஏற்றுவது அவள் வேலை. தமிழில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத பெண், இரண்டு வருஷத்தில் நாற்பது தமிழ் எழுத்தாளர்களின் மூச்சையும் இருமலையும் அடையாளம் சொல்வாள். பொன்முடி எஸ்டேட் லைனில் கதை எழுதுகிற பெண்ணின் பேச்சுக்கு நடுவே கொண்டைஊசி வளைவில் பஸ் அடித்த ஹாரனை அவள் வெட்டவில்லை. "அது அந்த சேச்சிக்க வீட்டுச் சத்தம், இருக்கட்டு" என்றாள்.

வீட்டில் கடைத்தெரு இரைச்சல். அதனால் பக்கத்து வாசகசாலையின் மாடி அறையைக் கேட்டோம். மலையாளத்தில் விண்ணப்பம், மூன்று பிரதி. செயலாளர் வாசித்துவிட்டு, "மைக் உண்டோ?" என்றார். உண்டு என்றேன். மைக் வைத்தால் போலீஸ் ஸ்டேஷன் அனுமதி வேண்டுமாம். ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர் எத்தனை ஒலிபெருக்கி என்றார். ஒன்றும் இல்லை. எத்தனை பேர் கேட்பார்கள்? அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு வாரம் கழித்து அவரவர் வீட்டில் கேட்பார்கள். "பின்னே எந்தினா மைக்?" என்றார். பாவம், அப்புறம் எதற்கு மைக் என்று அவர் கேட்டது நியாயம்தான். கடைசியில் விண்ணப்பத்தின் ஓரத்தில், 'மைக் உண்டு, சத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் இன்றும் வாசகசாலைக் கோப்பில் இருக்கிறது.

அந்த அறையில் பேசிய அத்தனை பேரும் இந்த ஊர்த் தமிழர்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் எழுத்தாளர் ராஜகனியக்காதான்.

3

அவருக்கு அறுபத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எழுதிய ஒரே நாவல் 'பெரிய மதினி'. என் அக்கா பாக்கியம் புத்தகத்தைப் புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டாள், நான் இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். மூன்றாம் நாள் லேபில் லீவு கேட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும்போல இருந்தது.

அது அவருடைய அண்ணன் மனைவியின் கதை. கதை என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஊருக்கே தெரியும். முதல் குழந்தை பிறந்து இறந்ததும் அந்தப் பெண் தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். கோட்டி பிடித்துவிட்டது என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு அடுத்த தையில் வேறு கல்யாணம். அப்போது ராஜகனியக்காவுக்குப் பதினேழு வயது. மதினியின் டிரங்குப் பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொடுத்தவர் அவர்தான்.

போனில் கூப்பிட்டதும், "நான் அவ்வளவு பெரிய எழுத்தாளரு இல்லம்மா" என்றார். பிறகு, "எந்த ரயிலுக்கு வரணும்?" என்றார்.

காலை ரயிலில் வந்தார். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்குக் கூட்டிவந்து சாளைமீன் குழம்பு வைத்துச் சோறு போட்டேன். குழம்பில் தேங்காய் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். மீனாவின் தமிழைக் கேட்டுச் சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மாடி அறையில் முதல் அரைமணி நேரம் அருமையாகப் போனது. எக்ஸ்சேஞ்சில் மற்றவர்கள் பேச்சைக் கேட்டே பழகியதால் தனக்கு உரையாடல் எழுத வரும், வர்ணனைதான் வராது என்றார். நாவலைச் சமையலறையில், மாவு டப்பாவின்மேல் நோட்டை வைத்து எழுதினேன் என்றார். நான் தயார் செய்த கேள்விகளை மடித்து வைத்துவிட்டு, மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"படிச்சு முடிச்சதும் எனக்குத் தோணினது இதுதான்க்கா. எவ்வளவு விஷமத்தை உள்ள வச்சுக்கிட்டு இதை எழுதியிருப்பீங்க!"

ஹெட்ஃபோன் மேசைக்கு வந்தது அப்போதுதான்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஆறு நாள் ஆனது.

4

அன்று சாயங்காலமே போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாள் மூன்று தரம். நல்லபடியாக ஊர் சேர்ந்தீர்களா என்று செய்தி அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

மீனா ஒலிப்பதிவை மடிக்கணினியில் விரித்துக் காட்டினாள். பேச்செல்லாம் மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. முப்பத்தோராம் நிமிஷத்தில் என் கேள்வி. அதற்குப் பிறகு தட்டையாக ஒரு கோடு.

"பதினோரு செகண்ட், அம்மே. யாரும் இத்ர நேரம் மிண்டாதெ இருந்ததில்ல." பேசாமல் என்பது அவளுக்கு மிண்டாதெ.

அந்தக் கேள்வியை எத்தனை தரம் திரும்பப் போட்டுக் கேட்டிருப்பேன் என்று தெரியாது. எனக்கு அதில் அன்பு மட்டும்தான் கேட்டது. மீனாவுக்கும் அப்படியே. கடையிலிருந்து வந்த முருகேசனைப் பிடித்து உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ சோதிச்சதுல ஒரு தப்பும் இல்ல. அவங்களுக்குப் பழசு ஓர்ம வந்திருக்கும்."

கேட்டது என்பதைச் சோதித்தது என்கிறார், ஞாபகத்தை ஓர்மை என்கிறார். அதெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழ், நான் கவனிப்பதை விட்டு வெகுகாலம் ஆயிற்று. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டோம், மூன்று பேருக்கும் கேட்கவில்லை.

பிறகு ஊகங்கள் தொடங்கின. மீன்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லையா? மீனாவின் தமிழ் மரியாதைக்குறைவாகப் பட்டதா? டிரங்குப் பெட்டியைப் பற்றி நான் கேட்டிருக்கக் கூடாதோ? லேபில் ஒரு அம்மாளுக்கு இரண்டு தரம் குத்த வேண்டியதாயிற்று. எனக்கு அப்படி ஆவதேயில்லை.

ஒருவரை மனம்விட்டுப் பேச வைப்பது லேசான வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் எதை ரொம்ப நாளாக மூடி வைத்திருக்கிறார் என்று தெரியாமல் போய்த் திறந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. இனி இந்த வேலையே வேண்டாம் என்று மீனாவிடம் சொன்னேன். அவள் மடிக்கணினியை மூடினாள்.

5

ஆறாம் நாள் அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கியம் நிதானமாகக் கேட்கிற ரகம் இல்லை. "கதையை விடு, ரெக்கார்டைப் போட்டுக் காட்டு" என்றாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன்.

என் கேள்வி முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஏட்டி! உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு பெரிய மனுசியைப் பாத்து வெசமம்னா சொல்லுவ?"

"ஆமா, வெசமம். அவ்வளவு துக்கத்தை உள்ள வச்சுக்கிட்டுனு..."

"துக்கமா?" அக்காவின் குரல் இறங்கியது. "அஞ்சாங்கிளாஸ்ல உன்னை டீச்சர் முட்டிபோட வச்சாளே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எங்கள் வீடு எலுமிச்சை மார்க்கெட்டுக்கு எதிரே. ஏலத்தில் உருண்டு விழுகிற பழங்களைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். ஒருநாள் டீச்சரின் மைக்கூட்டில் ஒரு பழத்தைப் பிழிந்துவிட்டேன். வருகைப் பதிவேட்டில் அவர் எழுத எழுதப் பெயர்கள் வெளிறின.

"என்ன சொல்லி முட்டிபோட வச்சா?"

"வெசமக்காரி."

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபிறகுதான் எனக்குக் கேட்டது. விஷமம். சேட்டை. பெரியவர்களுக்குச் சொன்னால் சேட்டைகூட இல்லை, கெட்ட எண்ணம், வன்மம். மலையாளத்தில் அது வெறும் வருத்தம், கஷ்டம். பஸ் வரத் தாமதமானாலும் விஷமம், அம்மா செத்துப்போனாலும் விஷமம்.

'எவ்வளவு கெட்ட எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு இதை எழுதியிருப்பீர்கள்.' நாற்பது வருஷத்துக்கு மேல் பொறுத்து ஒரு நாவல் எழுதிய பெண்ணை ரயிலேற்றி வரவழைத்து, சோறு போட்டு, மைக்கை முன்னால் வைத்து இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சொற்கள் மறந்துபோவது எனக்குப் பழக்கம். 'அது என்ன சொல்லுவாங்க' என்று நெற்றியைத் தேய்ப்பேன், மறந்தது தெரியும், தேடுவேன். ஆனால் இந்தச் சொல் மறக்கவில்லை. என்னிடமேதான் இருந்தது. வெளித்தோலை அப்படியே விட்டு உள்ளே இருந்ததை மட்டும் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம், எந்தப் பேச்சில் மாறியது என்று எனக்குத் தெரியாது. மீனா தமிழை விட்டுத் தூரம் போகிறாள் என்று இத்தனை வருஷம் வருத்தப்பட்டேன். நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனாலும் அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு பெருமூச்சு. காரணம் தெரிந்துவிட்டது. அவருடைய காயத்தைத் தெரியாமல் தொட்டேனே தவிர, அவரிடம் நான் சொல்ல நினைத்தது தப்பில்லை.

6

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? போனை எடுக்க மாட்டார். 'மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம் என்று பொருள்' என்று எழுதிப் பார்த்தேன். வாசித்தபோது எனக்கே கூசியது. தப்புச் செய்தவர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது. அழித்தேன். இன்னும் இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் அழித்தேன்.

மீனா பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எழுதண்டா, அம்மே. நான் நோக்கட்டே" என்றாள்.

இரண்டு நாள், காலேஜ் விட்டு வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன செய்கிறாள் என்று சொல்லவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள்.

என் குரல். "மழையில வர ரொம்ப விஷமமா இருந்துச்சா சார்?" உடனே இன்னொரு நாள், இன்னொரு என் குரல். "அம்மா போனப்ப எவ்வளவு விஷமமா இருந்திருக்கும்." அப்புறம் பொன்முடிப் பெண்ணிடம், "பஸ் கம்மி, அதான் உங்களுக்கு விஷமம்." பதினோரு புத்தகப் பெரியவரிடம், "யாரும் வாங்கலைனு விஷமிக்காதீங்க மாமா." ஒருவரிடம், "இந்த நாற்காலி உட்கார விஷமம்தான், மன்னிச்சுக்கோங்க."

இரண்டு வருஷத்துப் பழைய பதிவுகளிலிருந்து, பேட்டி தொடங்குமுன் நான் பேசிய உபசாரப் பேச்சிலிருந்து, அவள் வெட்டிப்போட்ட துண்டுகளிலிருந்தெல்லாம் பதினேழு விஷமங்களைப் பொறுக்கி ஒட்டியிருந்தாள். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. விளக்கம் ஒன்றும் இல்லை. பதினேழாவது, ராஜகனியக்காவிடம் நான் கேட்டது. அந்த வரிசையில் அது வந்து விழுந்தபோது அதன் அர்த்தம் யாருக்கும் வேறாகப் பட வழியே இல்லை.

நான் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். முருகேசன், "நீ இத்ர விஷமம் பறயுமோ?" என்று ஆச்சரியப்பட்டார்.

மீனா அதை அனுப்பிவிட்டு, கூடவே தன் குரலில் ஒரு வரி சேர்த்தாள். "ஆன்ட்டி, இது எங்க அம்மா எல்லாரோடயும் பேசறது. ஒரு தடவ கேட்டு நோக்குங்க, ப்ளீஸ்."

மறுநாள் காலை பத்து மணிக்கு லேபில் என் போன் துடித்தது. கையிலிருந்த வேலையை முடித்து, கையுறையைக் கழற்றி, வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"ஏட்டி" என்றார் ராஜகனியக்கா. 'அம்மா' போய், எங்கள் பக்கத்தில் உரிமையோடு கூப்பிடுகிற 'ஏட்டி' ஆகியிருந்தது. "உன் வெசமம் பூராத்தையும் கேட்டேன். நாலு தரம் கேட்டேன். நாற்காலிக்குக் கூடவாட்டி வெசமம்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சொன்னார்.

"புத்தகம் வந்த அன்னைக்கு எங்க அண்ணன் போன் பண்ணுனான். ஒரே வார்த்தைதான். வெசமக்காரினு சொல்லிட்டு வச்சுட்டான். மூணு வருசமா அண்ணன் தம்பி ஒருத்தனும் பேசுறதில்ல. நீ படிச்சவ, அவ்வளவு அன்பா சோறு போட்டவ. நீயும் அதே வார்த்தையைச் சொன்னியா, சரி, அப்ப உள்ளதுதான் போலிருக்கு, நான் அப்படித்தான் போலிருக்குன்னு நெனச்சேன். ரயில்ல அதுதான் ஓடிட்டு வந்துச்சு."

"அக்கா, நான்..."

"நீ ஒண்ணும் சொல்லாத. சனிக்கிழமை வாரேன். அந்தப் புள்ளையை வீட்டுல இருக்கச் சொல்லு."

7

சனிக்கிழமை வந்தார். வாசகசாலைக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி மூன்று பிரதி. செயலாளர், "போன தவண அந்த அம்மை பிணங்கிப் போயல்லோ" என்றார். போன தடவை கோபித்துக்கொண்டு போனதை அவரும் பார்த்திருக்கிறார். "இப்ப சமாதானம் சார்" என்றேன். அவரும் நிம்மதியாகச் சாவியைக் கொடுத்தார்.

அக்கா ஹெட்ஃபோனைத் தானே மாட்டிக்கொண்டார். "எங்க நிறுத்துனோமோ அங்கேயே தொடங்கு. அதையே கேளு" என்றார்.

"எதைக்கா?"

"அந்த வார்த்தையைத்தான். மாத்தாத."

மீனா கண்ணாடித் தடுப்புக்கு வெளியிலிருந்து கையைக் காட்டினாள். கேட்டேன். எவ்வளவு விஷமத்தை உள்ளே வைத்துக்கொண்டு எழுதினீர்கள்?

"ரெண்டும் இருந்துச்சு" என்றார். "உங்க ஊரு வெசமமும் இருந்துச்சு, எங்க ஊரு வெசமமும் இருந்துச்சு. எங்க அண்ணன் சொன்னது முழுப்பொய் இல்ல. அவனைப் பத்தி எழுதுன பக்கமெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் எழுதுனேன். அந்த வீட்டுல பத்துப் பேரு இருந்தோம். மதினிக்காக ஒருத்தருக்கும் கோவம் வரல. எனக்கும் அன்னைக்கு வரல. பொட்டியைத் தூக்கிக் குடுத்தேன். பெறகு வந்துச்சு. வந்த கோவத்தை எங்க கொண்டு போடுறது?"

நான் கேட்காமலே தொடர்ந்து பேசினார்.

எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கடைசியில் கேட்டேன். இதில் நீங்களாக இட்டுக்கட்டியது எது?

"பஸ்ஸு" என்றார். "கடைசி அத்தியாயத்துல மதினி பணகுடி பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காந்து போவாளே, அது நானா வச்சது. அவ தெருமுனை திரும்புனது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். எழுதும்போது, பாவம், உக்காந்தாவது போகட்டும்னு ஒரு பஸ்ஸை விட்டேன்."

"அவங்க இப்ப...?"

"பணகுடியிலதான் இருக்கா. பீடி சுத்துதா. கோட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல, பத்து வீட்டுக்குப் பெரிய மனுசி. எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் இன்னும் புத்தகத்தைக் கொண்டுபோய்க் குடுக்கல. பயம்தான். ஊரெல்லாம் என்ன சொன்னாலும் பரவாயில்ல. என் மானத்தை ஏன் சந்தைக்குக் கொண்டு போனனு அவ கேட்டுட்டா, நான் எழுதுனதுக்கு என்ன அர்த்தம்?"

பேட்டி முடிந்து கீழே வந்ததும் மீனாவின் கன்னத்தைக் கிள்ளி, "நீ என்ன எழுத்துக் கத்துக்கிட்டாலும் கத்துக்காட்டாலும் இந்தக் காதை மட்டும் விட்டுராத" என்றார். ஸ்டேஷனில் வழியனுப்பும்போது, மதினியின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பகுதியைப் போடலாமா, அல்லது மதினியைப் பற்றிய பேச்சை எடுத்துவிடலாமா என்று அவரிடமே கேட்டோம். ரயில் பெட்டியின் வாசலில் நின்று யோசித்தார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், மற்றது இருக்கட்டும் என்றார்.

மீனா இரண்டு இடத்தில் வெட்டினாள். வலையில் ஏற்றினோம். எப்போதும்போலக் கொஞ்சம் பேர் கேட்டார்கள்.

8

மூன்று வாரம் கழித்து, வேலை நேரத்தில் ராஜகனியக்கா கூப்பிட்டார். நாற்காலியில் ஒரு இளைஞர் சட்டைக் கையைச் சுருட்டி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக எடுக்க மாட்டேன். அவரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லி எடுத்தேன்.

பின்னணியில் பஸ் இன்ஜின் சத்தம். கூட்டத்துக்கு நடுவே கத்திப் பேசினார்.

"ஏட்டி, மதினி கேட்டுட்டா."

"என்னக்கா சொல்றீங்க?"

"பீடி சுத்துத இடத்துல போனுல எதையாவது போட்டு வச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் வேலை பாப்பாளுவ. யாரோ மருமகப் புள்ளை ஒண்ணு நம்ம பேச்சைப் போட்டிருக்கா. பேரு இல்லாட்டி என்ன, என் குரலை அவளுக்குத் தெரியாதா? பொட்டின்னதும் கையை நிறுத்திட்டாளாம். முழுசும் கேட்டிருக்கா. கேட்டுட்டு அந்தப் புள்ளையை விட்டு எனக்குப் போன் போடச் சொல்லிட்டா."

"என்ன சொன்னாங்க?"

"பஸ்ஸுல போகல, நடந்துதான் போனேன்னா. ஏழு மைலும் பொட்டியைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தேன், அதை மட்டும் மாத்தி எழுதுன்னா. மத்ததெல்லாம் உள்ளபடி இருக்குன்னா." மூச்சு வாங்கினார். "அம்புட்டுத்தான் சொன்னா. பெறகு, புத்தகத்தைக் கொண்டா, நீயே உக்காந்து வாசின்னா. இப்ப அங்கதான் போறேன். பஸ் ஏறிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். எந்த ஊர் வார்த்தையும் வரவில்லை.

"ஏட்டி, நீ இதை ரெக்கார்டு பண்ணலையே?"

"இல்லக்கா."

"சரி. அப்ப ஒரு நிமிசம் போனை வைக்காத" என்று சொல்லிவிட்டு, ராஜகனியக்கா அழ ஆரம்பித்தார். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் யாரிடமோ சில்லறை கேட்கிற சத்தம் கேட்டது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். நாற்காலியில் இருந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று கையால் காட்டினார்.